ஏற்காட்டில் பழைய கல் வீடு வாங்குமுன்: அட்வான்ஸுக்கு முன்பே ஆய்வு

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறோம். பணி ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில், நாகலூர் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒரு ஏக்கர் காபித் தோட்டத்தோடு இருக்கும் பழைய கருங்கல் வீடு ஒன்றை வாங்கலாம் என்று நானும் என் கணவரும் எண்ணியிருக்கிறோம். சுவர்கள் இரண்டடி கனம். மேலே மங்களூர் ஓடு. பின்புறத்துச் சமையலறையும் குளியலறையும் 1980களில் கான்கிரீட் கூரையோடு சேர்த்துக் கட்டியவை. அவை பழைய சுவரோடு சேரும் இடத்தில் ஒரு விரிசல் இருக்கிறது. ஓட்டிலேயே 1865 என்று அச்சிட்டிருப்பதால் வீடு அந்தக் காலத்தது என்கிறார் தரகர். வீட்டுக்கு இப்போதுதான் வண்ணம் பூசியிருக்கிறார்கள். ஆனாலும் வடக்கு அறையில் ஈர வாடை அடிக்கிறது. வங்கி மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டார். எங்கள் கொத்தனாரும் சுவரைத் தட்டிப் பார்த்து ‘நல்ல கட்டடம்’ என்றார். இதற்கு மேலும் பணம் செலவழித்துப் பொறியாளரின் விரிவான ஆய்வு தேவையா? பத்து நாளுக்குள் அட்வான்ஸ் கேட்கிறார்கள். ஆய்வில் குறைகள் தெரிந்தால் வீட்டையே விட்டுவிட வேண்டியதுதானா?
— ஒரு வாசகி, சேலம்

பதில்:

அன்புள்ள அம்மா,

ஆய்வு தேவை. அதுவும் அட்வான்ஸ் கைமாறுவதற்கு முன் தேவை. முன்பணம் கொடுத்த பிறகு செய்யும் ஆய்வு, எடுத்துவிட்ட முடிவுக்குச் சமாதானம் தேடுவதாகவே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. குறை தெரிந்தாலும், கொடுத்த பணத்தை நினைத்து வாங்குபவர் மனத்தைத் தேற்றிக்கொள்கிறார். விற்பவரும் விலையில் இறங்கி வருவதில்லை.

உங்கள் கடிதத்தில் இருவர் ஏற்கெனவே வீட்டைப் பார்த்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் பார்த்தது வேறு, நான் சொல்லும் ஆய்வு வேறு. வங்கி மதிப்பீட்டாளர், கடனைத் திருப்பிக் கட்டாமல் போனால் அந்தச் சொத்தை என்ன விலைக்கு விற்க முடியும் என்று வங்கிக்குச் சொல்வதற்காக வருகிறவர். ஏற்காட்டில் தோட்டத்தோடு கூடிய ஓர் இடத்தின் மதிப்பில் பெரும்பங்கு நிலத்தைச் சார்ந்தது என்பதால், கூரை மரம் உளுத்திருந்தாலும் அவருடைய மதிப்பீடு அதிகம் மாறப்போவதில்லை. கொத்தனாரின் அனுபவத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. சுவரின் ஒலியை வைத்தே பூச்சு விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடிக்கும் கை அது. ஆனால் இன்றைய கொத்தனார்களில் பெரும்பாலோர் சிமென்ட்டிலேயே தொழில் கற்றவர்கள். சுண்ணாம்பில் கட்டிய இரண்டடிச் சுவர் ஈரத்தை எப்படி வாங்கி எப்படி வெளிவிடுகிறது, பாரத்தை எங்கே இறக்குகிறது என்பதெல்லாம் அவர்கள் பழகிய கட்டடத்திலிருந்து மாறுபட்டவை. விரிவான ஆய்வு என்பது அஸ்திவாரம், சுவர், தரை, கூரை, வடிகால், வீடு நிற்கும் சரிவு ஆகிய ஒவ்வொன்றும் இன்று எந்த நிலையில் இருக்கிறது, ஏன் அந்த நிலைக்கு வந்தது, இனி என்ன ஆகும், சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் சொல்வது. ‘கட்டடம் உறுதியாக உள்ளது’ என்று ஒரே பக்கத்தில் கையெழுத்திட்டுத் தரும் உறுதிச் சான்றிதழை இதற்கு ஈடாக யாராவது தந்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

சட்டமும் இந்தப் பொறுப்பை உங்கள் பக்கமே அதிகம் வைத்திருக்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவில், விற்பவர் தமக்குத் தெரிந்த முக்கியமான குறையை வாங்குபவருக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஆனால் வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடித்திருக்கக் கூடிய குறைக்கு அந்தக் கடமை பொருந்தாது. ஈர வாடையை நீங்களே உணர்ந்திருக்கிறீர்கள், விரிசலைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். நாளை அவற்றைக் காட்டி விற்பவரைக் கேட்டால், பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்பார். செலவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் செலுத்தப் போகிறீர்கள். திரும்பி வராத அந்த ஒன்பது விழுக்காட்டோடு ஒப்பிட்டால், ஆய்வுக் கட்டணம் மிகச் சிறிய தொகைதான்.

இனி வீட்டுக்கு வருவோம். முதலில் அந்த 1865. மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு அது. பிற்காலத்தில் அங்கே வார்த்த ஓடுகளிலும் அந்த ஆண்டையே அச்சிட்டார்கள். ஆகவே அது உங்கள் வீட்டின் வயதைச் சொல்லவில்லை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபி பயிரிடுவது 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் காலத்திலேயே தொடங்கிவிட்டதால் இங்கே உண்மையாகவே மிகப் பழைய வீடுகள் உண்டு; அவற்றுள் பல, முதலில் வேறு கூரையோடு இருந்து பின்னால் ஓட்டுக்கு மாறியவை. இதை நான் வரலாற்று ஆர்வத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கூரை ஒருமுறை மாற்றப்பட்டிருந்தால், சுவரின் தலைப்பகுதியை உடைத்து உயர்த்தியிருப்பார்கள். பழைய கல் கட்டும் புதிய செங்கல் கட்டும் சேரும் அந்த வரி பலவீனமான இடம். ஆய்வு செய்பவர் வீடு எத்தனை கட்டமாக வளர்ந்தது என்பதை முதலில் கண்டறிய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இரண்டடிச் சுவர் என்றதும் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. சேர்வராயன் மலைக் கருங்கல்லான சார்னோக்கைட் மிகக் கடினமானது. கல்லைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கவலையெல்லாம் கல்லுக்கு நடுவே இருப்பதைப் பற்றித்தான். அந்தக் காலத்துக் கனமான சுவர்களில் பெரும்பாலானவை உள்முகம் ஒன்று, வெளிமுகம் ஒன்று என்று இரண்டு கல் அடுக்குகளாக எழுப்பி, நடுவில் சில்லுக் கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் போட்டு நிரப்பியவை. இரு முகங்களையும் குறுக்கே பிடித்துக் கட்டும் நீளக் கற்கள் போதுமான அளவில் இருந்தால் சுவர் ஒரே உடலாக வேலை செய்யும். அவை குறைவாக இருந்து, ஓட்டு விளிம்பிலிருந்து ஒழுகும் நீர் ஆண்டுக்கணக்கில் நடுப்பகுதியில் இறங்கினால், உள்ளிருக்கும் மண் கரைந்து கீழே படிந்து இரு முகங்களையும் வெளியே தள்ளும். சுவர் வயிறு தள்ளியிருக்கிறது என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். புதுப் பூச்சும் வண்ணமும் இதைக் கண்ணிலிருந்து மறைத்துவிடும், ஆனால் தூக்குக்குண்டு காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு சுவரிலும் மேல், நடு, கீழ் என்று மூன்று உயரங்களில் அளவெடுத்து அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். சந்தேகம் தரும் இடத்தில் சிறு துளை வழியாகக் கேமரா செலுத்தி நடுப்பகுதியில் வெற்றிடம் இருக்கிறதா என்றும் பார்க்க முடியும்.

இதில் நிலநடுக்கத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கிறது. நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான ஐஎஸ் 1893 என்ற இந்தியத் தரநிலையின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு சேலத்தை மூன்றாம் மண்டலத்தில், அதாவது மிதமான அதிர்வு எதிர்பார்க்கப்படும் பகுதியில் வைத்திருக்கிறது. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கமும் நமக்கு வெகு தொலைவில் நிகழ்ந்ததன்று. முகம் பிரிந்த கல் சுவர் பாரத்தை நேராகத் தாங்கிக்கொண்டு நூறாண்டு நிற்கும்; பக்கவாட்டு அசைவுதான் அதற்கு ஆகாது.

வடக்கு அறையின் ஈர வாடையைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரிதான் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்தியது. வண்ணம் காய்ந்த பிறகும் வாடை இருக்கிறதென்றால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பல விடைகள் உண்டு. அவற்றின் செலவு ஆயிரங்களிலிருந்து பல லட்சங்கள் வரை வேறுபடும். சரிவில் நிற்கும் வீடுகளில் நான் அடிக்கடி காண்பது, மேட்டுப்பக்கத்து மண் ஆண்டுதோறும் மழையில் இறங்கிச் சுவரோரம் குவிந்து, வெளியே நிலமட்டம் உள்ளே தரைமட்டத்தைவிட உயர்ந்துவிடுவது. அப்படியானால் மண்ணை வெட்டி அகற்றி, சுவரோரம் ஒரு வாய்க்கால் அமைத்தாலே அறை சில மாதங்களில் காயத் தொடங்கும். இன்னொரு வாய்ப்பு, பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமென்ட் பூசியிருப்பது. சுண்ணாம்பு, உள்ளே புகுந்த ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். சிமென்ட் அதைத் தடுப்பதால், ஈரம் மேலே மேலே ஏறி, உப்புப் பூத்து, பூச்சைப் பொரியவைத்து, கடைசியில் கூரையின் உத்திரம் சுவருக்குள் புகும் இடம்வரை போய்விடும். வண்ணக்கடையில் இதற்கென்று விற்கும் நீர்த்தடுப்புப் பூச்சை உள்பக்கம் அடிப்பது நோயை ஆழமாக்கும் வேலை. விற்பவர் அதைச் செய்திருக்கிறாரா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆய்வாளர் ஈரமானியைச் சுவரில் வைத்து ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போனால் போதாது. தரையிலிருந்து அடிக்கு அடி உயரத்தில் அளந்து, கீழே அதிகமாகவும் மேலே குறைவாகவும் இருக்கிறதா, அல்லது மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் இருக்கிறதா என்று காட்ட வேண்டும். முன்னது நிலத்திலிருந்து ஏறும் ஈரம், பின்னது கூரையிலிருந்து இறங்கும் ஒழுக்கு.

கூரைக்கு ஒரு முழு அரைநாள் ஒதுக்கச் சொல்லுங்கள். ஓடு உடைந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். அது பெரிய செய்தியன்று. கைமரங்களும் உத்திரங்களும் சுவரில் உட்காரும் முனைகளையே பார்க்க வேண்டும். காற்றோட்டமின்றி ஈரக்கல்லுக்குள் புதைந்திருக்கும் அந்த முனைகளில்தான் மரம் மக்கும், கரையானும் ஏறும். நடுப்பகுதி தேக்கோ வேங்கையோ பளபளவென்று இருக்கும். முனையில் திருப்புளியை அழுத்தினால் கைப்பிடி வரை இறங்கும். இதைப் பார்க்கச் சுவரோரத்து ஓடுகள் சிலவற்றைத் தூக்க வேண்டும். அட்டை உள்கூரை அடித்திருந்தால் ஓரிரு பலகைகளைக் கழற்ற வேண்டும். விற்பவரிடம் இதற்கு முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெறுங்கள். அதே வேளையில், எதிரெதிர்ச் சுவர்களை இழுத்துப் பிடிக்கும் குறுக்கு உத்திரத்தை, உயரம் போதவில்லை என்றோ புது உள்கூரை போடுவதற்காகவோ யாராவது அறுத்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். அறுத்திருந்தால் கைமரங்கள் கால் விரித்துச் சுவரின் தலையை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். சுவர் சாய்ந்திருப்பதற்குக் காரணம் அஸ்திவாரம் என்று எண்ணிப் பல லட்சம் செலவழித்துக் கீழே தோண்டுவார்கள்; காரணம் மேலே இருக்கும்.

சமையலறையும் குளியலறையும் கான்கிரீட் கூரை போட்டு நாற்பதாண்டு ஆனவை. காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டுக்குள் மெல்ல ஊடுருவி அதன் காரத்தன்மையைக் குறைத்துவிடும். கம்பிவரை அது எட்டிவிட்டால் கம்பி துருப்பிடித்துப் பருத்து, அடிப்பக்கத்துக் கான்கிரீட்டைப் பெயர்க்கும். சிறிது கொத்தி, ஃபினால்ப்தலீன் கரைசல் தெளித்துப் பார்ப்பது எளிய சோதனை: இளஞ்சிவப்பாக மாறும் பகுதி இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது, நிறம் மாறாத பகுதி காரம் இழந்துவிட்டது. பழைய சுவரும் புதிய பகுதியும் சேரும் இடத்து விரிசல், மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் நேர்கோடாக இருந்தால் அவ்வளவாக அஞ்ச வேண்டியதில்லை; தனித்தனி அஸ்திவாரத்தில் நிற்கும் இரண்டு கட்டடங்கள் தத்தம் போக்கில் அசைவதன் அடையாளம் அது. மேலே அகன்று கீழே குறுகியிருந்தால், பின்பகுதி விலகிச் சாய்கிறது என்று பொருள். மலையில் பின்பக்கம் சேர்த்துக் கட்டுவதற்கு மண்ணைக் கொட்டி மேடை போடுவது வழக்கம். அது இறங்குகிறதா என்பதை அறிய விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டைப் பூசி வைத்துவிட்டு மழைக்காலம் முடிந்ததும் அது உடைந்திருக்கிறதா என்று பார்ப்பதே முறை. பத்து நாளில் அது முடியாது. ஆனாலும் விரிசலின் ஓரங்களைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம்: உள்ளே பழைய அழுக்கும் சுண்ணாம்பும் படிந்திருந்தால் அது நின்றுபோன விரிசலாக இருக்கலாம்; புதுப்பொடியோடு கூர்மையாக இருந்தால் இன்னும் நடக்கிறது.

வீட்டைவிட முக்கியமாக நான் கருதுவது வீடு நிற்கும் சரிவை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். மேல்பக்கத்து நிலத்தில் அண்மையில் யாராவது ஜேசிபி வைத்து வெட்டியிருக்கிறார்களா, தாங்குசுவரில் நீர் வடியும் துளைகள் இருக்கின்றனவா, அவை மண்ணாலும் வேராலும் அடைபட்டிருக்கின்றனவா, சில்வர் ஓக் மரங்களின் அடித்தண்டு சரிவுப்பக்கம் சாய்ந்து நுனி மட்டும் நிமிர்ந்து வளைந்திருக்கிறதா, முன்பு இல்லாத இடத்தில் ஊற்று கசிகிறதா என்று ஆய்வாளர் தோட்டம் முழுக்க நடந்து பார்க்க வேண்டும். வீட்டுக்குள் மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறவர் மலைவீட்டை ஆய்வு செய்தவர் ஆகமாட்டார். கீழ்நாட்டு வீட்டில் எல்லைக்கல்லோடு முடிந்துவிடும் வேலை, இங்கே எல்லைக்கு அப்பாலும் போகிறது.

யாரை அழைப்பது என்று கேட்பீர்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இன்படி பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளராக இருப்பது முதல் தகுதி. ஆனால் அது மட்டும் போதாது. சுண்ணாம்பு, கல், மரம் சேர்ந்த கட்டடங்களைப் பழுதுபார்த்த அனுபவம் உண்டா, அவர் எழுதிய பழைய அறிக்கை ஒன்றைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். வந்தவுடன் ரீபவுண்ட் சுத்தியலை எடுத்துக் கல் சுவரில் அடிக்கத் தொடங்குபவரை அத்தோடு நிறுத்திவிடலாம். அந்தக் கருவி கான்கிரீட்டின் மேற்பரப்புக் கடினத்தை அளப்பதற்கானது, சுண்ணாம்புக் கட்டுச் சுவரைப் பற்றி அது எதையும் சொல்லாது. விற்பவரோ தரகரோ பரிந்துரைப்பவரை நியமிக்காதீர்கள். பழுதுபார்க்கும் வேலையைத் தாமே எடுத்துச் செய்ய விரும்புபவரையும் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் குறை பெரிதாக இருப்பதில் அவருக்கு ஆதாயம் இருக்கிறது. கூடவே ஒரு வயதான ஆசாரியை அழைத்துப் போங்கள். மரத்தைப் பற்றி அவர் சொல்வதைப் பொறியாளர் காது கொடுத்துக் கேட்கிறாரா என்பதும் பொறியாளரைப் பற்றி உங்களுக்கு ஒன்றைச் சொல்லும்.

மின்கம்பிகள் பழையவையாகத்தான் இருக்கும். முழுவதும் மாற்றுவதற்குப் பணம் ஒதுக்கிவிடுங்கள். கழிவுநீர்த் தொட்டி எங்கே இருக்கிறது, குடிநீர் ஊற்றிலிருந்து எவ்வளவு தள்ளி என்று கேட்டுக்கொள்ளுங்கள். பட்டா, வில்லங்கச் சான்றிதழ், மூலப்பத்திரம் எல்லாம் வழக்கறிஞரின் வேலை. ஒன்றை மட்டும் அவரிடம் சேர்த்துக் கேளுங்கள்: மலைப்பகுதிக் கட்டுமானங்களை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டுக்குள் ஏற்காடு வருவதால், பின்பகுதி முறையான அனுமதியோடு கட்டப்பட்டதா, அதை இடித்துக் கட்ட வேண்டி வந்தால் இப்போது அனுமதி கிடைக்குமா? இடித்துவிட்டுத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் சமவெளியில் சரியாக இருக்கலாம், மலையில் அதை நம்பி விலை பேசக் கூடாது.

பத்து நாளைப் பற்றி. இந்த அளவு வீட்டுக்குக் களஆய்வை இரண்டு நாளில் முடிக்கலாம். அறிக்கைக்கு மேலும் ஒரு வாரம் வேண்டும். தரகரிடம் மூன்று வாரம் கேளுங்கள். மறுத்தால், வேறொருவர் வாங்கிவிடுவாரோ என்று பதற்றப்பட வேண்டாம்; ஆய்வுக்கு இடம் கொடுக்காத விற்பனையில் நீங்கள் இழப்பது அதிகமில்லை. விற்பவர் உண்மையாகவே அவசரத்தில் இருந்தால், சிறு தொகை கொடுத்து, பொறியாளரின் அறிக்கை பாதகமாக இருந்தால் அது முழுவதும் திரும்பத் தரப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு மட்டும் ஒப்பந்தம் எழுதுங்கள், வாய்ச்சொல்லாக வேண்டாம். கோடையில் பார்க்க நேர்ந்தால், ஐப்பசி, கார்த்திகை மழையில் வீடு எப்படி இருந்தது என்று தோட்டத்தில் வேலை செய்பவர்களிடம் கேளுங்கள். எந்த மூலையில் பாத்திரம் வைத்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கடைசியாக, குறை தெரிந்தால் விட்டுவிடுவதா என்ற கேள்வி. நூறாண்டு வீட்டில் குறை இல்லாத அறிக்கை வந்தால் நான் அந்த அறிக்கையைத்தான் சந்தேகிப்பேன். உத்திர முனைகள் மக்கியிருந்தால் அந்த அளவு மரத்தை மட்டும் வெட்டி ஒட்டுப்போடலாம். சிமென்ட் பூச்சை அகற்றி மீண்டும் சுண்ணாம்பு பூசலாம். வயிறு தள்ளிய சுவரில் வெற்றிடத்தைச் சுண்ணாம்புக் குழம்பு செலுத்தி நிரப்பி, இரு முகங்களையும் இணைக்கலாம். கான்கிரீட் பகுதி மோசமாக இருந்தால் அதன் கூரையை இலகுவான கூரையாக மாற்றலாம். இவை ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவை அறிக்கையிலிருந்து எடுத்து, பேசிய விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள். இவற்றுக்காக நல்ல வீட்டைக் கைவிட வேண்டாம், இத்தகைய வீடுகள் உங்களைப் போன்றவர்களால்தான் பிழைத்திருக்கின்றன. நான் விட்டுவிடச் சொல்வது இரண்டு நிலைகளில் மட்டும்: சரிவு நகர்ந்துகொண்டிருப்பதாகப் பொறியாளர் கருதினால், அல்லது மேல்பக்கத்து வெட்டு உங்களுக்கு உரிமையில்லாத நிலத்தில் இருந்து, அதற்குத் தாங்குசுவர் கட்ட அந்த நிலத்துக்காரர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாவிட்டால்.